சாவி என் கையில் இருந்தது

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரியும். அப்பாவுக்கு டயாலிசிஸ். முதல் ஷிப்ட். ஐந்தரைக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். திருவானைக்காவலிலிருந்து கிளம்பி, மாம்பழச்சாலை தாண்டி, காவிரிப் பாலம் ஏறி இறங்கி, சிந்தாமணி, சத்திரம் வழியாகத் தில்லைநகர் போய்ச் சேர அந்த நேரத்தில் இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தை நம்பித்தான் எங்கள் வாரம் முழுவதும் ஓடுகிறது. ஒருவர் தாமதமாகப் போனால் அடுத்த ஷிப்ட்காரர் வெளியே நாற்காலியில் காத்திருப்பார். அவரும் நோயாளிதான். அதனால், தாமதமாக வந்தவருக்கு நாலு மணி நேரத்தில் அரை மணியோ ஒரு மணியோ குறைத்துவிடுவார்கள். குறைந்தது என்னவென்று அடுத்த இரண்டு நாளில் அப்பாவின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

பங்குனிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி 4.50. அப்பாவைக் காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மெதுவாக இழுக்கும் முனகல் கூட இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கும் எரியவில்லை. அன்று ஆட்டோவில்தான் போனோம்.

பகலில் வந்த மெக்கானிக், மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 3.8 வோல்ட். "பேட்டரி போச்சுக்கா, மாத்திருங்க" என்றார். மூன்று வயதான பேட்டரி, நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல வயதுதான். நானும் நம்பினேன். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது பேட்டரி, 35 ஆம்பியர்-மணி, போட்டாயிற்று.

அந்த 3.8 என்ற எண்ணை நான் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். பதினான்கு வருஷம் பள்ளியில் இயற்பியல் எடுத்தவள் நான். இப்போது அப்பாவுக்காக வேலையை விட்டுவிட்டு மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய கார் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 11.8-க்கு வந்தால் ஏறக்குறைய முழுக்காலி. வயதாகித் தளர்ந்த பேட்டரி பெரும்பாலும் 12-ஐ ஒட்டித்தான் நிற்கும். சாவியைத் திருப்பிச் செல்ஃப் இழுக்கும்போதுதான் பொத்தென்று விழும். 3.8 வரைக்கும் ஒரு பேட்டரி தானாகச் சரிவது அபூர்வம். ஏதோ ஒன்று மணிக்கணக்கில் உட்கார்ந்து உறிஞ்சியிருக்கிறது என்றுதான் பொருள். அந்த ஏதோ ஒன்று வண்டிக்குள்ளேயே இருக்க, நான் பேட்டரியை மட்டும் மாற்றினேன்.

மூன்று வாரம் ஒரு குறையுமில்லை. நாலாவது வாரம், மறுபடி செவ்வாய், மறுபடி அதே இருட்டு. புது பேட்டரி.

இந்தமுறை வேறொரு பட்டறை. அங்கே பாட்டுப்பெட்டியைச் சந்தேகப்பட்டார்கள். முன்பு வண்டி வைத்திருந்தவர் வெளியில் வாங்கிப் போட்ட செட் அது. சந்தேகம் தப்பில்லை, அப்படிப்பட்ட செட்டுகள், வெளியில் போட்ட அலாரம், பின்பக்கக் கேமரா இவையெல்லாம் சாவி எடுத்த பிறகும் கரண்ட் குடிப்பது உண்டு. செட்டைக் கழற்றித் தந்துவிட்டார்கள். கூடவே ஒரு காரணமும் சொன்னார்கள்: "வாரத்துக்கு ரெண்டு நாள்தான் எடுக்குறீங்க. வண்டிய ஓட்டாம நிறுத்தி வச்சா இப்படித்தான் ஆகும்மா."

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், சாவி ரிமோட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பூட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம். இந்த வகைக் கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை என்பது பொதுவான கணக்கு. அளப்பதற்கு அம்மீட்டரைத் தொடரிணைப்பில், அதாவது கரண்ட் போகும் பாதையின் நடுவில், வைக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! காரில் செய்வது இதுதான் முதல் தடவை.

மல்டிமீட்டர் வாங்கப் போன இடத்தில்தான் அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பழக்கமானார். வயலூர் ரோட்டில் சின்னப் பட்டறை. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் கழற்றிப்போட்டுக் கிடக்கும். ஆல்டர்னேட்டரை அவர் இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார். நான் செய்யப்போவதைச் சொன்னதும், கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்து, இரண்டு ஒயர் சுற்றிக் கொடுத்தார்.

"மீட்டர வைக்கிறதுக்கு முன்னாடி இத வைங்க டீச்சர். பேட்டரி மைனஸ் டெர்மினல கழட்டிட்டு, நடுவுல இந்தப் பல்ப். பளிச்சுனு எரிஞ்சா மீட்டர் பக்கமே போகாதீங்க, உள்ள இருக்க ஃபியூஸ் போயிரும். எரியலேன்னா, லேசா மினுக்குனா, அப்புறம் மீட்டர வைங்க."

எவ்வளவு அழகான ஏற்பாடு! சாதாரண மல்டிமீட்டர் 10 ஆம்பியர்தான் தாங்கும். 55 வாட் பல்போ எவ்வளவு பெரிய கசிவு இருந்தாலும் ஐந்து ஆம்பியருக்கு மேல் தன் வழியாக விடாது. கசிவு எவ்வளவு என்பதையும் தன் வெளிச்சத்தாலேயே சொல்லிவிடும். இதற்குப் பிறகு என் டியூஷன் பிள்ளைகளுக்குத் தொடரிணைப்பை நான் இந்தப் பல்பை வைத்துத்தான் நடத்துகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்க இடமில்லை. தெருமுனையில் தெரிந்தவர் ஒருவரின் காலிமனை, வேப்பமரத்தடி. அங்கே போய்ப் பானெட்டைத் தூக்கினேன். கதவுகளையெல்லாம் சாத்தி, சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பல்பை வைத்தேன். எரியவில்லை. மீட்டரை வைத்தேன். முதலில் முந்நூறு சொச்சம் மில்லி ஆம்பியர் காட்டியது. பயப்பட வேண்டியதில்லை, மின்சாரம் தொட்டதும் உள்ளே உள்ள மின்னணுப் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், திரும்பத் தூங்க நேரம் ஆகும். அரை மணி நேரம் காத்திருந்தேன். எண் படிப்படியாக இறங்கி 28-இல் நின்றது.

28 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.67 ஆம்பியர்-மணி. 35-ஐ இதனால் வகுத்தால் 52 நாள். வெள்ளி மதியம் நிறுத்திச் செவ்வாய் விடியலில் எடுக்கும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 'ஓட்டாமல் நிறுத்தியதால்' என்ற காரணம் அத்தோடு விழுந்தது. ஆனால் கூடவே என் கையிலிருந்த ஒரே பிடியும் விழுந்துவிட்டது. வண்டி சுத்தம் என்கிறது மீட்டர். பேட்டரியோ சாகிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீட்டர் சொன்னது உண்மைதான், ஆனால் நான் கேட்ட நேரம் தப்பு என்று விளங்க இரண்டு நாள் ஆனது. காலை ஏழு மணிக்கு, வண்டி குளிர்ந்து கிடக்கும்போது அளந்தேன். விட்டு விட்டு வரும் காய்ச்சலைக் காய்ச்சல் இல்லாத நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

அதனால் ஒரு பழைய டைரியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எப்போது எடுத்தோம், எங்கே போனோம், எப்போது நிறுத்தினோம், ஏசி போட்டோமா. பழைய நாட்களையும் ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். பக்கம் நிறைந்தபோது ஒரு விஷயம் துலங்கியது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வந்த பிறகு பேட்டரி ஒருநாளும் இறங்கியதில்லை. ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நாலு மணி நேரம் நின்றபோதும் இறங்கியதில்லை. இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து நிறுத்திய பிறகு. போகும்போது அப்பாவுக்குக் குளிரும் என்று கண்ணாடியைக்கூட இறக்க மாட்டேன், ஏசியைத் தொடவே மாட்டேன். திரும்பும்போது மணி பதினொன்று. ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, துவைத்துப் போட்ட துணி மாதிரி சாய்ந்திருப்பார். சித்திரை வெயில் வேறு. ஏசியை முழுதாக வைப்பேன்.

ஏசி என்று எழுதி வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய் மதியம் நிறுத்திய வண்டி. எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பினேன். அவன் தன் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தி, கேபிள் எடுத்தான். சிவப்பை முதலில் எங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை அவன் பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பை அவன் மைனஸில், கடைசி முனையை எங்கள் இன்ஜினின் வெறும் இரும்பில். கடைசி முனையைப் பேட்டரியில் வைக்காமல் தள்ளி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும், பொறி அதன் பக்கத்தில் தெறிக்கக் கூடாது.

அந்தக் கடைசிக் கிளிப்பை அவன் வைத்தான். சட்டென்று ஒரு பொறி. அடுத்த நொடி, ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் தள்ளாடித் தள்ளாடிச் சுற்ற ஆரம்பித்து, இரைச்சலோடு வேகம் பிடித்தது. நானும் தம்பியும் வண்டி உயிர் பெற்ற சந்தோஷத்தில் இருந்தோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாதான் கண்ணாடியை இறக்கச் சொல்லித் தட்டினார். பிறகு கதவையே திறந்தார்.

"பாப்பா, சாவி எங்க?"

"கையிலதான்பா இருக்கு."

"அப்ப ஃபேன் ஏன் சுத்துது?"

விடியற்காலை ஐந்து மணி. மூன்று நாளாக ஓடாத இன்ஜின். சாவி என் கையில். குளிர்விப்பதற்கு அங்கே எந்தச் சூடும் இல்லை, சுற்றச் சொல்வதற்கு ஆளும் இல்லை.

வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரியில் நிறுத்திச் சாவியை எடுத்ததும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஃபேன் நின்றுவிட்டது. வழியில் ஏதோ ஒரு குலுங்கலில் தானாகச் சரியாகியிருக்கிறது. இதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் வண்டி நல்ல பிள்ளையாக இருந்தது.

அன்று முக்கால் மணி நேரம் தாமதம். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு அப்பா பேச்சை எடுத்தார். அவர் அரசுத் துறையில் டிரைவராக இருந்தவர். பாதிக் காலம் அம்பாசிடர்தான். அதில் ரேடியேட்டர் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றும். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். அது பேட்டரியைக் குடிக்க வழியே இல்லை. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரி இறங்க வேறொரு வழி இருந்ததாம்.

"கட்-அவுட் பெட்டின்னு ஒண்ணு இருக்கும். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல. இன்ஜின் ஓடறப்ப அந்தப் பாயின்ட் சேரும், சார்ஜ் ஏறும். இன்ஜின் நின்னா பாயின்ட் விலகிடணும். சில சமயம் விலகாது. ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்ப என்ன ஆகும்? பேட்டரியிலேர்ந்து கரண்ட் டைனமோவுக்கு ரிவர்ஸ்ல போகும். ராத்திரி நிறுத்தினா காலைல பேட்டரி இருக்காது. கவனிக்காம விட்டா டைனமோவே கருகிடும். நான் சீரோ நம்பர் உப்புத்தாள் ஒண்ண டிக்கிலயே வச்சிருப்பேன். பாயின்ட்டைத் தேச்சு விட்டா சரியாயிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் ஃபேனுக்கும் எங்கேயோ ஒரு பாயின்ட் இருக்கும் பாரு. அதுதான் ஒட்டுது" என்றார்.

இன்றைய கார்களில் டைனமோ இல்லை. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளே கரண்ட் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். கட்-அவுட் பெட்டி எப்போதோ ஒழிந்தது. ஆனால் அவர் சொன்ன பாயின்ட் ஒழியவில்லை. அதற்கு ரிலே என்று பெயர்.

ஃபேன் மோட்டார் எடுக்கும் கரண்ட் பெரியது. அதை இன்ஜின் கம்ப்யூட்டர் நேரடியாகக் கையாள முடியாது. அது செய்வதெல்லாம் ஒரு சின்னக் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுப்பது. காயில் காந்தமாகி ஒரு இரும்புத் தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியில் உள்ள பாயின்ட் சேரும். பெரிய கரண்ட் அந்தப் பாயின்ட் வழியாக மோட்டாருக்குப் போகும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூடு 95 டிகிரியைத் தாண்டும்போதோ, ஏசி ஓடும்போதோ கம்ப்யூட்டர் இந்தக் காயிலைத் தூண்டும். ஏசிக்கு எதற்கு ஃபேன் என்றால், ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் சூட்டையும் இதே காற்றுதான் எடுத்துப் போக வேண்டும். ஏசி போட்ட சின்னக் காரில் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை சேர்வதும் விலகுவதுமாக இருக்கும். டைரியில் நான் போட்ட வட்டத்துக்குள் இருந்தது இதுதான். எங்கள் வண்டியில் அந்தப் பாயின்ட்டுக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வந்து நிற்கும், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாயின்ட் ஒட்டினால் ஃபேனை நிறுத்த யாராலும் முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெயிலில் வந்து காலிமனையில் நிறுத்தி இறங்கும்போது ஃபேன் ஓடும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். 'சூடாக வந்திருக்கிறது, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்' என்று நினைத்து நடந்து போயிருக்கிறேன். பல கார்கள் அப்படி வடிவமைக்கப்பட்டவைதான். சாவி எடுத்த பிறகும் சில நிமிடம் ஓடி நிற்கும். அதனால்தான் இந்தக் கோளாறு கண்ணெதிரே ஒளிந்துகொள்கிறது. மனைக்கு அடுத்த வீட்டு அம்மா பின்னால் சொன்னார்: "மத்தியானம் மோட்டார் ஓடற மாதிரி கேக்கும். யாரோ தண்ணி ஏத்துறாங்கன்னு நெனச்சேன் பாப்பா."

இனி பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் நிறுத்தும்போதெல்லாம் 10 நம்பர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவைத்தேன். அப்பாவின் செவ்வாய்க்கிழமையை மறுபடி பணயம் வைக்க மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தேன். காலிமனையிலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, இருபது நிமிடம் கழித்துச் சாவியை எடுப்பேன். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஃபேன் நின்றுவிடும். நாலு தடவை இப்படியே ஏமாந்தேன். ஐந்தாவது தடவை, புதன்கிழமை மூன்று மணி வெயில், சாவியை எடுத்தேன். ஃபேன் நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட ஆள் திருச்சியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். இதைச் செய்கிற யாரானாலும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, சங்கிலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் பானெட்டுக்குள் குனிய வேண்டும். இந்த ஃபேன் இன்ஜின் நின்றிருந்தாலும் திடீரென்று சுற்றும். பானெட்டையும் மெதுவாகத் தூக்கி, கம்பியை அதிராமல் முட்டுக்கொடுத்தேன். ஓர் அடி விழுந்தாலும் பாயின்ட் விலகி, மறுபடி நாலு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உட்புறத்தில் எது எங்கே என்று படம் போட்டிருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ரிலேயை நேராக மேலே இழுத்தேன். ஃபேன் இறங்கி நின்றது. ரிலேயைத் தாண்டி மோட்டாருக்குப் போகும் ஒயரில் வேறெங்கிருந்தும் கரண்ட் ஏறவில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனால் ரிலேதான் குற்றவாளி என்று இன்னும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரோ உரசிப்போன ஒரு ஒயரோ காயிலைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருந்தாலும் இதேதான் நடக்கும். ஹாரன் ரிலேயும் இதே எண், இதே வடிவம். அதைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் செருகினேன். ஃபேன் அசையவில்லை. அப்படியென்றால் காயிலை யாரும் தூண்டவில்லை. கட்டளை நின்றுவிட்டது, பாயின்ட்தான் கேட்கவில்லை.

பழைய ரிலேயைக் கையில் எடுத்தேன். கீழே நாலு கால்கள், பக்கத்தில் எண்கள்: 30, 85, 86, 87. ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த எண்கள் இவை, பல நாட்டுக் கார்களிலும் இதே எண்கள்தான். 85-உம் 86-உம் காயில். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 மோட்டாருக்குப் போவது. வண்டியிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருக்கும் ரிலேயில் 30-க்கும் 87-க்கும் தொடர்பு இருக்கவே கூடாது. மீட்டரை ஓசைக்கு வைத்து இரண்டையும் தொட்டேன்.

பீ...ப் என்று கத்தியது.

ஸ்பேனரின் கைப்பிடியால் ரிலேயின் தலையில் லேசாக ஒரு தட்டு. சத்தம் நின்றது. மறுபடி தொட்டுப் பார்த்தேன். மௌனம். இரண்டு பேட்டரி, இரண்டு பட்டறை, முக்கால் மணி நேரம் குறைந்த டயாலிசிஸ், எல்லாம் தீப்பெட்டியை விடச் சின்ன இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தவை. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்புத்தாள் இருக்கா?" என்றார்.

பட்டறை அண்ணன் உப்புத்தாள் வேண்டாம் என்றார். மூடியை நெம்பித் திறந்து காட்டினார். ஒரு பாயின்ட்டில் பள்ளம், எதிர்ப் பாயின்ட்டில் அதே அளவுக்கு ஒரு மேடு. ஒன்றிலிருந்து உருகிய உலோகம் மற்றொன்றில் போய் அப்பியிருக்கிறது. இது ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்சாரத்தின் (டி.சி.) கைவேலை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு வருகிறது, அதனால் சுவிட்ச் விலகும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். காரின் 12 வோல்ட்டுக்கு அப்படி ஓய்வு கிடையாது. பாயின்ட் விலகும் ஒவ்வொரு முறையும், சேரும்போது ஏற்படும் ஒவ்வொரு துள்ளலிலும், பொறி நின்று எரிந்து கொஞ்சம் உலோகத்தை ஒரே பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

புது ரிலே இருநூற்றுச் சொச்சம். வாங்கிக்கொண்டு கிளம்பியவளை அவர் விடவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் சுண்டினார். கால் சுற்றுகூடப் போகாமல் நின்றது. "பக்கத்து வண்டில சுண்டிப் பாருங்க டீச்சர்" என்றார். அது இரண்டு சுற்று ஓடி மெதுவாக நின்றது. பிறகு பேட்டரியை மாட்டி, ஃபேனை ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரை ஒயரில் கோத்தார். 16 ஆம்பியர். இந்த அளவு மோட்டாருக்கு எட்டு, ஒன்பதுதான் இருக்க வேண்டுமாம்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மோட்டார் சுற்றும்போது தனக்குள்ளேயே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதுதான் கரண்டைக் கட்டுக்குள் வைக்கிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அது கிடையாது. அதனால் புறப்படும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் பாயும். நல்ல மோட்டார் கண்மூடித் திறப்பதற்குள் வேகம் பிடித்துவிடும், வெள்ளமும் வடிந்துவிடும். சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, தூசி அடைத்து, இறுகிப்போன மோட்டார் தள்ளாடித் தள்ளாடித்தான் எழும். அந்த வெள்ளம் முழுவதையும் அத்தனை நேரமும் அந்தச் சின்னப் பாயின்ட் சுமக்க வேண்டும். கேபிள் மாட்டிய காலையில் ஃபேன் தள்ளாடிச் சுற்றியதை நான் பேட்டரி பலவீனத்தால் என்று நினைத்திருந்தேன். ஃபியூஸ் ஏன் போகவில்லை என்றும் கேட்டேன். அது 30 ஆம்பியர் ஃபியூஸ். 16 அதற்கு ஒரு சுமையே இல்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எதிர் மின்னழுத்தத்தை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். அது எங்கள் வீட்டு விடியற்காலைக்குள் வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை.

ரிலேயை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் புதுப் பாயின்ட்டும் ஒட்டியிருக்கும். நான் இன்னொரு பேட்டரியும் வாங்கியிருப்பேன். ஃபேன் மோட்டார் மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. கழற்றிய மோட்டாரை அண்ணன் பிரித்துக் காட்டினார்: கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகி, உள்ளே கறுப்புத் தூள், புஷ் ஒருபக்கமாக நீள்வட்டமாகியிருந்தது. எங்கள் தெருவின் மணலும் அதில் இருந்தது.

எல்லோர் வண்டியிலும் இதே காரணம்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ரிலே நன்றாக இருந்து, ரிலேயைப் பிடுங்கியும் ஃபேன் ஓடினால், ஒயர் எங்கோ தோல் உரிந்து பிளஸ்ஸைத் தொடுகிறது. வேறு ரிலே போட்டும் உடனே ஓடினால் காயில் பக்கம் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கம்ப்யூட்டருக்குள்ளேயே கோளாறு. சாவி போட்டவுடனே, குளிர்ந்த இன்ஜினிலும் ஃபேன் ஓடினால் பெரும்பாலும் கூலன்ட் சென்சார் சம்பந்தப்பட்டது. சென்சாரிடமிருந்து சரியான தகவல் வராவிட்டால் பல கார்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் சாவி எடுத்தால் அது நின்றுவிட வேண்டும், ஒருசில நிமிடத்திலாவது.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்ட்டே 1859-இல் செய்த ஈய-அமில மின்கலத்தின் அதே வேதியியல்தான் இன்றும் நம் காருக்குள் இருக்கிறது. செல்ஃப் இழுக்கும் சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் தரும். உடனே ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்பிவிடும். அதற்காகத்தான் கார் பேட்டரியின் தட்டுகளை மெல்லியதாக, நிறையச் செய்கிறார்கள். அடிவரை காலியாவது அதற்கு ஒத்துவராது. காலியான நிலையில் கிடக்கும்போது தட்டுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுதாகக் கரையாது. எங்கள் முதல் பேட்டரி வயதாகி இறந்ததா, ஃபேன் கொன்றதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. புது பேட்டரி இரண்டு தடவை அடிவரை காலியாகி, அதே நிலையில் நாள்கணக்கில் கிடந்தது. அண்ணன் இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு 12.4 காட்டுகிறது. முழு வயது வாழாது என்றார்.

புது மோட்டார் போட்ட அன்று கிளாம்ப் மீட்டர் 8.6 காட்டியது. டைரியில் தேதியோடு எழுதிவைத்தேன். பல்ப் பரீட்சையை, ஏசி ஓட்டி நிறுத்திய சூட்டோடு, மறுபடி செய்தேன், எரியவில்லை. மீட்டர் 27.

அடுத்த செவ்வாய், 4.50. அப்பா தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பழைய ரிலே அவர் சட்டைப்பையில் இருந்தது. நர்ஸ் பெண்ணிடம் காட்ட வேண்டுமாம். சாவியைத் திருப்பினேன். முதல் இழுப்பிலேயே பிடித்தது. "ம், விடு" என்றார்.